ஏழாவது வரிசையின் மத்தியானக் காய்ச்சல்

ஐரோலி ஸ்டேஷனிலிருந்து கழிமுகம் பக்கம் போகிற ஷேர் ஆட்டோக்களில் போன மழைக்காலம் முழுக்க ஒரே பேச்சு. ஜன்னலே இல்லாத அந்த டேட்டா சென்டர் கட்டடத்தில், இரண்டாம் மாடி ஹாலில், ஏழாவது வரிசையில் பேய் இருக்கிறது. தினமும் மத்தியானம் அது மூச்சு விடும். விட்டால் மெஷின்களுக்குக் காய்ச்சல் வரும். கடைசியில் கர்கானிஸ் மேடம் என்ற பெண்மணி கம்பு நுனியில் கறுப்பு நாடா கட்டிக்கொண்டு போய், ஊதுபத்தி கொளுத்தி அதை ஓட்டிவிட்டார். சிலர் எலுமிச்சம்பழத்தையும் சேர்த்துக்கொண்டார்கள். மீனவர் குடியிருப்பான திவா கோளிவாடாவில் இறங்கிய ஒருவர் சேவலையும் சேர்த்தார்.

விசாரித்துப் பார்த்ததில், சேவல் இல்லை. எலுமிச்சம்பழம் இருந்தது, ஆனால் அது வாசல் காவலர் மிளகாயோடு கோத்து சனிக்கிழமைதோறும் தொங்கவிடுவது. அதற்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது. ஹாலுக்குள் ஊதுபத்தி என்பது நடக்காத காரியம். பீடி குடித்த சட்டையோடு ஒருவன் உள்ளே வந்தாலே மேலே இருக்கிற குழாய்கள் மோப்பம் பிடித்துக் கூப்பாடு போட்டுவிடும். கம்பும் கறுப்பு நாடாவும் உண்மை. பேய் மூச்சு விட்டதும் ஒரு வகையில் உண்மைதான். மற்றதைச் சொல்ல வேண்டுமானால் உஜ்வலா கர்கானிஸைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

உஜ்வலாவுக்கு நாற்பத்தாறு வயது. வீடு தாணேயில், நௌபாடாவில். கல்யாண வீடுகளில் அத்தைமார்கள், "நீ ஏசி ரிப்பேர் பண்றியாமே?" என்று கேட்பார்கள். ஏசியிலிருந்து கிளம்பின காற்று எங்கே போய்த் தொலைகிறது என்று பார்க்கிறவள் நான் என்பாள் அவள். அத்தைமார்கள் அனுதாபத்தோடு இன்னொரு லட்டு வைப்பார்கள்.

படித்தது இயந்திரப் பொறியியல். முதல் வேலை ஆஸ்பத்திரி ஆபரேஷன் அறைகளில் காற்று எந்தப் பக்கம் ஓடுகிறது என்று அளப்பது. பிறகு சினிமா கொட்டகைகள். பின்வரிசை ஜோடிகள் கம்பளி கேட்கிறார்கள், முன்வரிசைக்காரர்கள் விசிறி கேட்கிறார்கள், ஏன் என்று கண்டுபிடிப்பதற்கு ஒரு வருஷம் போயிற்று. அதன்பின் இந்தக் கட்டடம். இங்கே காற்றுக்காக ஏங்குவது மெஷின்கள். குளிர்ந்த காற்று உயர்த்திப் போட்ட தரைக்கு அடியில் ஓடி, துளைபோட்ட பலகைகள் வழியாக மேலே வரும். மெஷின்கள் அதை முகத்தால் இழுத்து முதுகால் சூடாக விடும். அந்தச் சூடு மேலே ஏறி ஏசிக்குத் திரும்பும். சொல்வதற்கு இவ்வளவுதான். ஆனால் காற்று சொன்ன பேச்சைக் கேட்கிற ஜாதி இல்லை. ஏசிக்கு மிக அருகில் இருக்கிற பலகையில்தான் குறைவாக வரும், ஏனென்றால் அடியில் அது நிறுத்தத்தில் நிற்காத பஸ்ஸைப் போலப் பாய்ந்து போய்விடும். சில சமயம் அந்தப் பலகை மேலிருப்பதையும் சேர்த்துக் கீழே உறிஞ்சும்.

தாணேயிலிருந்து வாஷி போகிற லோக்கலில் பெண்கள் பெட்டிக்கு அவள் ஒரு பொதுச்சொத்து. எல்லோரும் ஜன்னல் சீட்டுக்கு அடித்துக்கொள்வார்கள். அவள் ஏறி நின்று பெட்டியை ஒரு பார்வை பார்ப்பாள். வாசலுக்குப் பக்கத்தில், யாருக்கும் வேண்டாத ஓரத்து சீட்டில் உட்காருவாள். கூந்தல் அங்கேதான் பறக்கும். ஒரு மாதம் கவனித்த பிறகு பூக்காரி அந்த சீட்டைப் பிடித்துக்கொண்டாள். உஜ்வலா அடுத்த நல்ல இடத்துக்குப் போனாள், கோபப்படாமல்.

வீட்டில் கணவர் ஷிரீஷுக்கும் அவளுக்கும் இருபது வருஷமாக ஒரே வழக்கு: எந்த ஜன்னலைத் திறந்து எதை மூடினால் சமையலறைப் புகை ஹாலுக்கு வராது என்பது. அவள் சொல்வது எப்போதும் சரி. அதனாலேயே அவர் வேறு ஜன்னலைத் திறப்பார்.

அலுவலகத்தில் அவள் செய்வது இரண்டு காரியம். ஒன்று மாடல்: கணினிக்குள் அந்த ஹாலை அப்படியே கட்டி, மெஷின்கள் அடுக்கிய ஒவ்வொரு ரேக்கையும் ஒவ்வொரு துளையையும் வைத்து, காற்றை ஓடவிட்டுப் பார்ப்பது. குளிர்ந்த இடம் நீலம், சூடான இடம் சிவப்பு. இரண்டாவது, மீட்டரும் கம்புமாகப் போய், கணினி சொன்னபடி காற்று நடந்துகொள்கிறதா என்று அளப்பது. மேலாளர் அடார்கர் சாஹேபுக்கு முதல் காரியம் மிகவும் பிடிக்கும். வண்ணப்படத்தைப் பெரிதாக அச்சடித்து வரவேற்பறையில் மாட்டிவைத்திருந்தார். வருகிறவர்கள் அதை ஏதோ நவீன ஓவியம் என்று நினைத்து, யார் வரைந்தது என்று கேட்பார்கள். அவர் மறுக்க மாட்டார்.

ஏழாவது வரிசை ஒரு வங்கியின் வாடகை. மெஷின் முகத்துக்கு வருகிற காற்று இருபத்தேழு டிகிரிக்கு மேல் போகக் கூடாது என்பது ஒப்பந்தம். இருபத்துநாலைத் தாண்டாது என்று உஜ்வலாவின் மாடல் கையெழுத்துப் போட்டுச் சொல்லியிருந்தது. ஜூன் பிறந்ததிலிருந்து தினமும் மத்தியானம் அது முப்பத்தொன்றுக்கு ஏறியது. ஒரு மணிக்குள் தானாக இறங்கி, ஒன்றும் தெரியாதது போல் இருந்தது. வங்கிக்காரர்கள் கெடு வைத்தார்கள். வெள்ளிக்கிழமைக்குள் காரணம் தெரியாவிட்டால் நாலு புது ஏசி வாங்கி நிறுத்துவதாகவும், மாடல் வேலையைப் புனேயில் ஒரு கம்பெனிக்குக் கொடுத்துவிடுவதாகவும் அடார்கர் முடிவு செய்தார். உஜ்வலாவின் ஒப்பந்தம் செப்டம்பரோடு முடிகிறது. புதுப்பிப்பதைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. அந்த வாய் திறக்காமையே அவளுக்குப் போதுமாயிருந்தது.

காரணங்களுக்குப் பஞ்சமில்லை. மொட்டைமாடியில் அடிக்கிற வெயில் என்றார் அடார்கர். ஆஷாட மாதம், வெயிலைப் பார்த்துப் பத்து நாளாகிறது, நடுவில் மூன்று மாடி வேறு. மாடலே பித்தலாட்டம் என்றது வங்கி. கட்டடம் எழுப்பும்போது கழிக்கரையில் இருந்த மீனவர் தெய்வத்தின் கல்லை நகர்த்தினார்கள், அதன் கோபம் என்றார்கள் காவலர்கள். எதற்கும் இருக்கட்டும் என்று அடார்கர் கீழே வரவேற்பறையில் சத்யநாராயண பூஜைக்கும் ஏற்பாடு செய்தார். ஏசிக்கும் பூஜைக்கும் ஒரே கடிதத்தில் அனுமதி கேட்டிருந்தார் என்று சொல்கிறார்கள்.

உஜ்வலா தன் வழியில் போனாள். பலகைகளைப் பெயர்த்தாள், அடியில் ஊர்ந்தாள், ஒவ்வொரு பலகையின் மேலும் கூடாரம் மாதிரி துணிக்கூம்பைக் கவிழ்த்து எவ்வளவு காற்று வருகிறது என்று அளந்தாள். மாடல் சொன்னதும் மீட்டர் சொன்னதும் ஒட்டிப் பிறந்த இரட்டையர் போல் இருந்தன. எல்லாம் சரி. மறுநாள் மத்தியானம் திரும்பவும் முப்பத்தொன்று.

அவள் அளந்ததெல்லாம் ஒரு மணிக்கு மேல். பலகை தூக்க ஆள் வேண்டும்; ஆளைக் கொடுக்க வேண்டியவர் ஹால் மேஸ்திரி ஹரேஷ்வர் கோளி. ஐம்பதைத் தாண்டியவர், திவா கோளிவாடாக்காரர், குத்தகைக் கம்பெனியின் ஆள். இங்கே பெண்களை அக்கா முறையில் 'தாயீ' என்பார்கள், வயது வித்தியாசம் பார்ப்பதில்லை. "தாயீ, ஒரு மணிக்கு மேல வாங்க. அதுக்கு முன்னாடி என் பசங்க ஒருத்தனும் கையில அகப்பட மாட்டான்," என்பார். அவளும் காலையில் கணினி, சாப்பாட்டுக்குப் பிறகு ஹால் என்று பழகிவிட்டாள்.

புதன்கிழமை மத்தியானம் அவளுக்குப் பொறுக்கவில்லை. பலகை தூக்க வேண்டாம், காற்றின் முகத்தை மட்டும் பார்த்துவிட்டு வரலாம் என்று கம்பை எடுத்துக்கொண்டு தனியாகப் போனாள். கம்பு என்பது மூங்கில் குச்சி. நுனியில் ஷிரீஷின் பழைய கேசட்டிலிருந்து உருவின நாடா. லட்ச ரூபாய் மீட்டர்கள் எண்ணைத்தான் சொல்லும். அந்த நாடா திசையைச் சொல்லும், பொய் சொல்லத் தெரியாது.

ஏழாவது வரிசை முன்னால் நின்று ஒவ்வொரு ரேக்காக நாடாவை நீட்டினாள். நாடா உள்பக்கம் சாய வேண்டும், மெஷின் இழுக்கிறதல்லவா. சாய்ந்தது. சாய்ந்தது. கடைசிக்கு முந்தின ரேக்கில் நாடா நின்று யோசித்துவிட்டு, திரும்பி அவள் மூக்கைப் பார்த்துப் பறந்தது. வெதுவெதுப்பான காற்று. அதில் பொம்பில் மீன் கருவாட்டுக் குழம்பின் வாசம், வெங்காயம் தூக்கலாக, புளிக்குக் கோக்கம் போட்டது.

உஜ்வலாவின் சமூகத்தில் கருவாட்டை மூக்கால் படித்துவிடுவார்கள். ஹால் பக்கம் அவ்வப்போது அடித்த வாசத்துக்கு, கழிக்காற்றுதான் நாறுகிறது என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்ததை அவளும் இத்தனை நாள் நம்பியிருந்தாள். வெட்கமாக இருந்தது. ரேக் கதவைத் திறந்தாள்.

வங்கி அந்த ரேக்கை முழுக்க நிரப்பவில்லை. காலி இடங்களை முன்பக்கம் தகடுகள் போட்டு மூடியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் இருக்கிற சூடு அந்தச் சந்து வழியாக முன்னுக்கு வந்து, பக்கத்து மெஷின்கள் அதையே திரும்ப மூச்சாக இழுக்கும். மூன்று தகடுகளைக் காணோம். அவை கீழே ஒரு துண்டில் பத்திரமாகச் சுற்றி வைக்கப்பட்டிருந்தன. தகடு இருக்க வேண்டிய இடத்தில் டப்பாக்கள். எவர்சில்வர், அலுமினியம், ஒன்று மட்டும் பூப்போட்ட பிளாஸ்டிக். தொட்டுப் பார்த்தாள். அடுப்பிலிருந்து இறக்கி வைத்தது போல் இதமான சூடு.

அப்போதுதான் ஹரேஷ்வர் டப்பாக்களை எடுக்க வந்தார். அவளைப் பார்த்தார், திறந்த கதவைப் பார்த்தார், தலையில் இருந்த கம்பளிக் குல்லாவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"எத்தனை நாளா, பாவ்?" என்றாள். அண்ணன் முறை.

"மழை ஆரம்பிச்சதுலருந்து தாயீ."

மூன்றாவது மாடியில் மைக்ரோவேவ் இருக்கிறதே என்று கேட்டாள். இருக்கிறது, ஆனால் அந்த மாடிக்கு எங்கள் அட்டை கதவைத் திறக்காது என்றார் அவர். கம்பெனி ஆட்களுக்கு மட்டும். குத்தகை ஆட்கள் கீழே மாடிப்படிக்கு அடியில் சாப்பிடுகிறார்கள். பன்னிரண்டு மணி நேரம் இந்தக் குளிரில் நின்றுவிட்டு விறைத்த பாக்ரி ரொட்டியைப் பிய்க்க வேண்டியிருக்கிறது. பின்பக்கக் கதவைத் திறந்தால் வங்கிக்குத் தகவல் போய்விடும், முன்கதவுக்கு அந்தத் தொல்லை இல்லை. அதனால் முன்பக்கம்.

"உள்ள இருக்கிற குளிரெல்லாம் மெஷினுக்கு. சரி, அதுக்குத்தான் கட்டடம்," என்றார் ஹரேஷ்வர். "அது முதுகால விடற சூடு யாருக்கும் வேணாம்னு மேல போகுது. வேணாம்னு விட்டதுல நாலு டப்பா சுட வெச்சா அது திருட்டா தாயீ? ஒரு மெஷினும் என்கிட்ட வந்து குறை சொல்லல."

"என்கிட்ட வந்து சொல்லுச்சு. ரெண்டு மாசமா சொல்லுது. நான்தான் மத்தியானத்துல காது குடுக்கல."

அவர் சிரிக்கவில்லை. உங்கள் வேலைக்கே ஆபத்து என்று பையன்கள் பேசிக்கொண்டார்கள், அது இதனாலா என்று கேட்டார். ஆமாம் என்றாள். அவருக்கு நிஜமாகவே தெரிந்திருக்கவில்லை. சூடு என்றால் அது டப்பாவோடு முடிந்துவிடும் என்றுதான் நினைத்திருந்தார்.

அதற்குள் காவலர் ஓடிவந்து, அடார்கர் சாஹேப் வங்கிக்காரரைக் கூட்டிக்கொண்டு லிப்டில் ஏறிவிட்டார் என்றார். ஹரேஷ்வரும் காவலரும் டப்பாக்களைக் கோணிப்பையில் அள்ளினார்கள். உஜ்வலா தகடுகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பொருத்தினாள், அவள் தொழில் வாழ்க்கையிலேயே அவ்வளவு வேகமாக எதையும் பொருத்தியதில்லை. பை பக்கத்து வழியாகப் போனது. ஒரே ஒரு எவர்சில்வர் டப்பா அவள் கை இடுக்கில் தங்கிவிட்டது. நடைபாதையில் அடார்கர் எதிரே வந்தார், கம்பைப் பார்த்தார், நாடாவைப் பார்த்தார், டப்பாவைப் பார்த்தார்.

"கர்கானிஸ், என்ன இது?"

"சாப்பாடு சார்."

யாருடையது என்று அவர் கேட்கவில்லை. ஆனால் வங்கிக்காரரை ஹாலைப் பார்க்க அனுப்பிவிட்டு மேஜை வரைக்கும் கூடவே வந்து, வெள்ளிக்கிழமையைப் பற்றி நின்றுகொண்டே பேசினார். வேறு வழியில்லாமல் அவள் டப்பாவைத் திறந்தாள். பேசிக்கொண்டே இருந்தார். வேறு வழியில்லாமல் சாப்பிட்டாள். அரிசி பாக்ரி, கருவாட்டுக் குழம்பு, ஓரத்தில் ஒரு பச்சை மிளகாய். அவர் போன பிறகு மிச்சம் வைத்திருக்கலாம். வைக்கவில்லை. தடயத்தை அழித்தேன் என்று பிற்பாடு சொல்லிக்கொண்டாள்.

கை கழுவிவிட்டு மாடலைத் திறந்து, அந்த ரேக்கில் மூன்று தகடுகளை எடுத்துவிட்டு ஓடவிட்டாள். சாயங்காலத்துக்குள் விடை வந்தது. திரையில் ஏழாவது வரிசை அப்படியே சிவந்தது: முப்பத்தொன்று, எந்தெந்த ரேக்கில் ஏறியதோ அதே ரேக்குகளில். அவள் மாடல் பித்தலாட்டம் இல்லை. ஹால் எப்படி இருக்கிறதென்று அதற்குச் சொன்னாளோ அந்த ஹாலுக்கு அது சரியான பதிலைத்தான் சொல்லியிருந்தது. மனிதர்கள் சாப்பிடுகிற ஹாலைப் பற்றி யாரும் அதற்குச் சொல்லவில்லை. ஆளில்லாத அறையில் ஒருமுறை கைதட்டிக்கொண்டாள்.

பிறகுதான் அந்தப் படத்தின் கீழே காரணம் என்று ஒரு வரி எழுத வேண்டும் என்பது நினைவுக்கு வந்தது. உணவு என்ற வார்த்தை ஹாலோடு சேர்ந்து வந்தால் அன்றைக்கே அட்டையைப் பிடுங்கிக்கொண்டு அனுப்பிவிடுவார்கள், ஹரேஷ்வரை மட்டுமல்ல, மொத்தக் குழுவையும். எழுதினால் அவள் கையெழுத்துக்கு முழு மரியாதையும் திரும்பி வரும். எழுதாவிட்டால் அரைகுறைதான்.

வியாழக்கிழமை ஹரேஷ்வரே மேஜைக்கு வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. "எழுதிடுங்க தாயீ. என் பேரை மட்டும் எழுதுங்க. பசங்க பேரு வேணாம். எனக்கு வீட்ல படகு ஒண்ணு கிடக்கு, பொழச்சிக்குவேன்."

"படகு ஓடுதா?"

"ஓடாது. கிடக்குன்னுதான் சொன்னேன்."

உஜ்வலா சிரித்துவிட்டாள். "பாவ், என் மாடல்ல பேரு எழுதற இடமே கிடையாது. காத்து எந்த ஓட்டை வழியா வந்துச்சுன்னு எழுதலாம். ஓட்டையை யார் போட்டதுன்னு காத்துக்குத் தெரியாது."

அதன்பின் அவரை வெளி நடைபாதைக்குக் கூட்டிப்போனாள். ஹாலின் சூட்டில் ஒரு பங்கை வெளியேற்றுகிற பெரிய தகரக் குழாய் அங்கே போகிறது. வங்கியின் இடமில்லை, மெஷின்களும் இல்லை. குழாயை ஒட்டி ஒரு இரும்புத் தட்டு. மீட்டரை வைத்துக் காட்டினாள்: ரேக்கைவிட இங்கே இரண்டு டிகிரி அதிகம். ஹரேஷ்வர் தட்டின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். "இதை ஜூன்லயே காட்டியிருக்கலாமே தாயீ," என்றார், குற்றம் சாட்டுகிற குரலில்.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் உஜ்வலா சொன்னது இதுதான்: மூன்று தகடுகள் மத்தியானங்களில் இடத்தில் இருக்கவில்லை. வரைபடத்தில் இருந்ததால் இருக்கிறது என்று நான் எடுத்துக்கொண்டேன். மத்தியானத்தில் ஒருநாளும் போய்ப் பார்க்கவில்லை. தப்பு என்னுடையது. இப்போது பொருத்தியாயிற்று, வியாழனும் இன்றும் வெப்பம் ஏறவில்லை.

"யார் எடுத்தது?" என்றார் அடார்கர்.

"கேக்கல சார்."

"ஏன் கேக்கல?"

"கேட்டா சொல்லிடுவாங்க."

வங்கிக்காரர் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார், புரையேறிவிட்டது. அவருக்கு வேண்டியது வெப்பக் கோடு கீழே இருப்பதுதான், இருந்தது. அடார்கர் முட்டாள் இல்லை. கருவாட்டு வாசம் எந்த டப்பாவிலிருந்து வந்தது என்பதும் அவருக்கு நினைவில் இருந்திருக்கும். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததற்கான விலையை மட்டும் வாங்கிக்கொண்டார். ஒப்பந்தம் இரண்டு வருஷத்துக்குப் பதில் ஆறு மாதம். அவள் மாடல் ஒவ்வொன்றிலும் இனிமேல் புனே கம்பெனியின் முத்திரை விழ வேண்டும். குத்தகை ஆட்களுக்கும் மூன்றாம் மாடி மைக்ரோவேவைத் திறந்துவிடலாமே என்று அவள் கேட்டதற்கு, அடுத்த நிதியாண்டில் பார்க்கலாம் என்றார்.

நாலு ஏசி வாங்கவில்லை. சத்யநாராயண பூஜை மட்டும் திட்டப்படி நடந்தது. ஊதுபத்தி அங்கே கொளுத்தினதுதான். அதையும், கம்போடு போன மேடத்தையும், மறுநாளிலிருந்து இறங்கின காய்ச்சலையும் காவலர்கள் சேர்த்துக் கட்டியதில் ஷேர் ஆட்டோவுக்குத் தேவையான சரக்கு கிடைத்துவிட்டது. வெப்பம் இறங்கியதில் பாதிப் பெருமை சத்யநாராயணனுக்கு என்று அடார்கரே நம்புகிறார். உஜ்வலா மறுப்பதில்லை. முத்திரை குத்த வந்த புனேக்காரர், மாடலில் நடைபாதைக் குழாயருகே எதற்கு ஒரு சின்னப் பெட்டி வரைந்திருக்கிறீர்கள் என்று கேட்டாராம். சூடு சரியாக இருக்கிறதா என்று தினமும் பார்க்கிற இடம் என்றாளாம்.

இப்போது அவள் மத்தியானத்தில்தான் அளக்கப் போகிறாள். பலகை தூக்க ஆள் உடனே கிடைக்கிறான்.

பாக்கி இருப்பது அந்த எவர்சில்வர் டப்பா. அது ஹரேஷ்வருடையது, அன்றைக்கு அவர் டீயும் கடலையும் சாப்பிட்டுத்தான் நாளை ஓட்டினார். டப்பாவை வெறுமனே திருப்பிக் கொடுக்கிற வழக்கம் இந்தப் பக்கம் கிடையாது. கருவாட்டைச் சாப்பிட்டுவிட்டு அவலை நிரப்பிக் கொடுப்பதும் மரியாதை இல்லை. மீனுக்கு மீன்தான். உஜ்வலா தயாராவதற்குள் மீன் தொடாத சிராவண மாதம் பிறந்து, மாமியார் பாத்திரங்களையெல்லாம் புளிபோட்டுத் தேய்த்து வைத்துவிட்டார். பிறகு கணபதி வந்தார், அவர் வீட்டில் இருக்கும்போது மீன் கூடாது. அவரைக் கரைத்ததும் பித்ரு பட்சம். அதன் பின்னாலேயே நவராத்திரி. நடைபாதையில் பார்க்கும்போதெல்லாம் ஹரேஷ்வர் டப்பாவைப் பற்றிப் பேசுவதில்லை. மார்க்கெட்டில் பாப்லெட் மீன் என்ன விலை விற்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறார். நல்ல நாளாகப் பார்த்து ஒரு புதன்கிழமை அவள் மீன் வாங்கி, மசாலா தடவி வைத்தாள். ஷிரீஷ் தப்பான ஜன்னலைத் திறந்தார். வாசம் ஹால் வழியாக மாடி முழுக்கப் போய், அதே மாடியில் இருக்கிற நாத்தனார் குடும்பம் சாப்பிட வந்துவிட்டது. டப்பா நௌபாடா வீட்டு அலமாரியில், கழுவிக் கவிழ்த்தபடி இருக்கிறது.